சின்னவரு

எனக்குப் பதினைந்து வயதானபோது, அரசாங்கத்தைப் பொறுத்தவரை இரண்டு மாத காலம் நான் செத்துப்போயிருந்தேன். அது ஒன்றும் பெரிய சிரமமாக இல்லை. செத்தவனும் காலையில் பல் தேய்க்க வேண்டியிருந்தது, பள்ளிக்கூடப் பேருந்தில் தொங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது, வீட்டுப்பாடம் எழுதாததற்கு வெளியில் நிற்க வேண்டியிருந்தது. யாரும் சலுகை காட்டவில்லை.

முக்கூடலை ஒட்டிய ஆற்றங்கரை ஊர் எங்களுடையது. குலசாமி சுடலைமாடன். அதனால் வீட்டில் பிறந்த ஆண்பிள்ளை ஒருவனும் அந்தப் பெயரிலிருந்து தப்பவில்லை. தாத்தா சுடலைமுத்து. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை விடுவது எங்கள் பக்கத்து வழக்கம் என்பதால் அண்ணனும் சுடலைமுத்து. மிச்சம் மீதியாகப் பிறந்த நான் சுடலைமணி.

இதில் மாட்டிக்கொண்டது அம்மாதான். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. ஆகவே பெற்ற பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. சுடலை சாமி பெயர், அதைச் சொல்லலாம்; முத்துதான் வாயில் வரக்கூடாது. பக்கத்து வீட்டு முத்துலட்சுமி அத்தையைக்கூட அம்மா வெறும் லட்சுமி என்றுதான் கூப்பிடுவாள். தாத்தா வீட்டுக்குப் பெரியவரு. அவர் பெயரைச் சுமந்தவன் என்பதால் அண்ணன் சின்னவரு. 'சின்னவரே, சாப்பிட வாங்க' என்று டவுசர் போட்ட பையனை அம்மா மரியாதையாகக் கூப்பிடுவதைக் கேட்டு வெளியூர் ஆட்கள் சிரிப்பார்கள். எனக்கு அந்தத் தொந்தரவெல்லாம் இல்லை. 'லே மணி' என்றால் முடிந்தது. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவின் வாய்க்கட்டு மட்டும் அப்படியே இருந்தது.

அம்மா பீடி சுற்றுவாள். சுற்றிய பீடியை மாலையில் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கி வருவது எங்கள் இருவருக்கும் மாற்றி மாற்றி வரும் வேலை. அன்றைக்கு என் முறை. மறுநாள் பரீட்சை என்று சொன்னேன். பரீட்சை இருந்தது உண்மைதான், ஆனால் நான் செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு அது தெரியும். தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். வாய்க்கால் பாலத்துத் திருப்பத்தில் லாரி வந்தது. அவனுக்குப் பத்தொன்பது வயது.

ரோட்டில் சிதறிய பீடியை யாரோ நல்ல மனிதர் ஒன்றுவிடாமல் பொறுக்கி, அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பல நாள் அது அலமாரிக்கு மேலே இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அசதி. அழுகைகூட ஒரு மாதத்தில் ஓய்ந்துபோயிற்று, அசதி ஓயவில்லை. அப்பா விடிவதற்கு முன்பே லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விடுவார், வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அம்மா பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டினாள், சுற்றினாள், திரும்பவும் வெட்டினாள். பீடியைக் கடைக்குக் கொண்டுபோவது இப்போது தினமும் என் முறை. அந்தப் பாலத்தின் மேல்தான் போக வேண்டும், வேறு வழி இல்லை.

எனக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. என் முறைக்கு அவன் போனான் என்றால் நான் எதற்கு இருக்கிறேன்? கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதை எழுதி வைத்திருந்தேன். ஊருக்கு ஜெபக்கூட்டம் நடத்த வந்த ஒருவரிடம் கேட்டேன். எல்லாம் நன்மைக்கே என்றார். அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. செல்போனில் 'வாழ்க்கையின் அர்த்தம் என்ன' என்று அடித்துப் பார்த்தேன். தாடி வைத்தவர்கள் நிறையப் பேர் வந்து பேசினார்கள். அவர்களுக்கு நடுவில் தரைக்குப் போடும் டைல்ஸ் விளம்பரம் வந்தது. இன்றைக்குத் திருநெல்வேலியில் ஒரு டைல்ஸ் கடையில்தான் நான் விற்பனைக்கு நிற்கிறேன் என்பதை நினைத்தால், அந்தச் செல்போன் ஒரு வகையில் எனக்குப் பதில் சொல்லித்தான் இருக்கிறது.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பாபநாசத்துக்குப் பேருந்து ஏறினேன். அங்கே ஆற்றில் முழுக்குப் போட்டுவிட்டு உடுத்தியிருந்த துணியை விட்டுவிட்டு வருவார்கள். பாவம் போகுமாம். அண்ணனின் நீலக் கட்டம் போட்ட சட்டையை நான் போட்டுக்கொண்டு போயிருந்தேன். படியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீரில் சேலையும் வேட்டியும் பாறையில் சிக்கிக் கிடந்தன. அந்தக் குவியலில் அவன் சட்டையைப் போட எனக்கு மனம் வரவில்லை. நனைந்துகூடப் பார்க்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

அந்த வாரம்தான் ரேஷன் கடைக்குப் போனேன். வழக்கமாக அம்மா போவாள், அன்றைக்கு இடுப்பு வலி. வரிசையில் நின்று, என் முறை வந்ததும் இயந்திரத்தில் கட்டைவிரலை வைத்தேன். எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தேன். அப்போதும் எடுக்கவில்லை. கடை அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

“ஒம் பேரே இதுல இல்லியேலே. ஒங்க அப்பன் இருக்கான், அம்மை இருக்கா, ஒங்க அண்ணன் இருக்கான். ஒன்னயத்தான் எடுத்திருக்கு.”

“செத்தவன் வந்து அரிசி கேக்கான் வே” என்றார் பின்னால் நின்றவர். அவருக்கு எங்கள் வீட்டு விஷயம் தெரியாது. தெரிந்தவர்கள் அவர் கையை அழுத்தினார்கள். நான் காலிப் பையோடு வெளியே வந்தேன்.

அண்ணன் பெயரை அட்டையிலிருந்து எடுக்க அம்மா இ-சேவை மையத்துக்குப் போய் வந்தது எனக்குத் தெரியும். எடுக்காவிட்டால் அட்டையே நின்றுபோகும் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். அப்பா போக மாட்டேன் என்று படுத்துக்கொண்டார். அம்மாதான் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள்.

நேரே அந்த மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தவருக்கு என்னைத் தெரியும். அட்டையில் எங்கள் இரண்டு பேர் பெயரையும் அந்தக் காலத்திலேயே யாரோ அரைகுறையாக அடித்துவிட்டதைக் காட்டினார். முத்துவுக்கும் எம், மணிக்கும் எம். 'சுடலை எம்' என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு.

“அதனாலதான் ஒங்கம்மாகிட்ட கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன்லே. அவ்வொ சொன்ன ஆளத்தான் எடுத்தேன்” என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. எடுக்க வேண்டியது யாரை என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள், அம்மா என்னைச் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் அன்றைக்கு யார் முறை என்பது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. கிரிக்கெட்டும் தெரிந்திருக்கும். வெளியே சொல்லாமல் வைத்திருந்தது, தனியாக ஒருவன் கேட்டதும் வாயில் வந்துவிட்டது. தாடிக்காரர்கள் யாரும் சொல்லாத பதிலை அம்மா சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன்.

கடை பூட்டியிருந்தது என்று வீட்டில் பொய் சொன்னேன். அடுத்த தடவை அம்மாவின் விரலுக்கே அரிசி வந்தது, மூன்று பேருக்கு உள்ளது. அதில் என் பங்கு கிடையாது என்று அந்த இரண்டு மாதமும் நான் வீட்டில் அரைவயிறுதான் சாப்பிட்டேன். அம்மா வற்புறுத்தினாள். பசிக்கவில்லை என்றேன். நன்றாகப் பசித்தது. அண்ணன் பங்குச் சோற்றை அண்ணனுக்கே விட்டுவைத்திருப்பதாக எனக்கு ஒரு பெருமை. அம்மாவை முகம் பார்த்துப் பேசுவதையும் விட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை அம்மா ரேஷன் கடையிலிருந்து வெறும் கையோடு வந்தாள். அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்.

“ஒம் பேர எடுத்தது ஒனக்குத் தெரியுமாலே?”

“தெரியும்.”

“எம்புட்டு நாளா?”

“ரெண்டு மாசமா.”

“ஏம்லே ஒரு வார்த்த சொல்லல?”

“நீதான எடுக்கச் சொன்ன” என்றேன்.

இரண்டு மாதமாகத் தட்டில் மிச்சம் விழுந்த சோறெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் அம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். அழவில்லை. மையத்துக்குத்தான் கிளம்பினாள். “சட்டையப் போடு” என்றாள்.

மையத்தில் கூட்டம் இல்லை. அம்மா கம்ப்யூட்டர்க்காரரைப் பார்த்து, ஏன் தம்பி இப்படிச் செய்தாய் என்று மெதுவாகத்தான் கேட்டாள். அவருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும்.

“நான் ஒங்ககிட்ட பெரியவனா சின்னவனான்னு கேட்டேன்லா அக்கா? நீங்க சின்னவருன்னு சொன்னிய.”

“ஆமா. சின்னவருன்னுதான் சொன்னேன்” என்றாள் அம்மா.

அம்மாவுக்குச் சின்னவரு அண்ணன், கம்ப்யூட்டர்க்காரருக்குச் சின்னவன் நான். எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்தது அப்போதே கரைந்திருக்க வேண்டும். கரையவில்லை. கோபம் எனக்குப் பழகிப்போயிருந்தது. அது இல்லாமல் அம்மாவின் பக்கத்தில் எப்படி நிற்பது என்று தெரியவில்லை.

அவர் புதிதாக ஒரு மனு அடிக்கத் தொடங்கினார். சேர்க்க வேண்டிய பெயர் என்று கேட்டார். அம்மா சட்டென்று சுடலைமணி என்றாள். நீக்க வேண்டிய பெயர் என்று கேட்டார். அம்மா சான்றிதழை அவர் பக்கம் தள்ளினாள்.

“சான்றிதழ்ல இருக்கு தம்பி.”

“இருக்கு. ஆனா இந்தத் தடவ நீங்க வாயால முழுசாச் சொல்லுங்க. பொறவு எம் மேல பழி வரக்கூடாது.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நீ சொல்லு என்று கேட்கிற பார்வை. அந்தப் பெயரை நான் சொல்லலாம், எனக்கு ஒரு தடையும் கிடையாது. ஒரு நொடியில் முடிந்துபோகிற காரியம். நான் சுவரில் ஒட்டியிருந்த ஆதார் அறிவிப்பைப் படிக்கிற மாதிரி நின்றேன். அவள் அந்தப் பெயரைச் சொல்லாமல் போனதால்தானே நான் செத்தேன், இப்போது அவளே சொல்லட்டும் என்று இருந்தது.

“சுடலைமுத்து” என்றாள் அம்மா.

குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. அவர் அடித்து முடித்தார். அம்மா இரண்டு கன்னத்திலும் லேசாகப் போட்டுக்கொண்டாள். தாத்தாவிடம் மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. பெற்று வளர்த்த பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாத பெயரை, அடித்துப்போடுவதற்காக முதல் தடவை அவளைச் சொல்ல வைத்திருக்கிறோம் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

வாய்க்கால் ஓரமாக வீட்டுக்கு நடந்து வந்தோம். நான் முன்னால், அம்மா பின்னால். பாலத்தின் மேல் ஏறும்போது பின்னால் முணுமுணுப்பு கேட்டது. திரும்பிப் பார்த்தேன்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்லலே. பைய நட.”

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை தெளிவாகக் கேட்டது. “முத்து” என்றாள். சற்று நின்று, “ஏலே முத்து” என்றாள். வாங்க போங்க இல்லை. என்னைக் கூப்பிடுகிற மாதிரியே இருந்தது.

எனக்கு எரிச்சலாக வந்தது. செத்துப் பிழைத்து வந்திருப்பவன் நான். என் பெயரை அல்லவா அவள் சொல்லிக்கொண்டு வர வேண்டும் என்று நினைத்து, திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தேன். பின்னால் அவள் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.