மத்தியானத்து மாத்திரை

எனக்கு வாய் நீளம். ஹோம் நர்ஸ் வேலைக்குப் போன வீடுகளில் எல்லாம் என்னைப் பற்றிச் சொன்ன முதல் குறை அதுதான். நர்ஸ் என்பது பேருக்கு. படித்தது பத்தாம் வகுப்பு. களியக்காவிளையில் ஆள் அனுப்புகிற ஓர் அம்மா சொல்லும் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டுவேன், ஊட்டுவேன், பீ மூத்திரம் எடுப்பேன். எனக்குப் போடுகிற சோறு ஊசிப்போயிருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட வாய் ஒரு நாள், பேச வேண்டிய இடத்தில் பேசவில்லை.

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் பத்மநாபபுரத்தில் ஒரு வீட்டில் இருந்தேன். நான் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். புத்தி நாலு வயதோடு நின்றுவிட்டது. வலிப்பும் உண்டு. அண்ணன் கல்ஃபில். வீட்டில் இருந்தது, அவள் மைனி என்று கூப்பிடுகிற அண்ணன் மனைவியும் அவர்களுடைய ஒரே மகளும்தான். என்னைவிட மூத்தவள் என்பதால் நான் அவளை அக்கா என்பேன். அவளும் என்னை அக்கா என்பாள்.

வீட்டுக்கு யாராவது வந்தால் அவளுக்குத் திருவிழாதான். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் ஆனாலும் சரி, கேட் சத்தம் கேட்டால் ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டு, “சாப்பிட்டியளா?” என்பாள். பதில் சொன்ன பிறகும் நாலு தடவை கேட்பாள். கடைவாயில் எச்சில் வடியும். நான் துடைத்துவிடுவேன்.

மாத்திரை மட்டும் என் கையால்தான் சாப்பிடுவாள். மைனி கொடுத்தால் துப்பிவிடுவாள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. காலையிலும் ராத்திரியிலும் வலிப்பு மாத்திரையை நீட்டுவேன். ‘ஆ’ என்று வாயைத் திறப்பாள். விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுவாள்.

மைனியின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடத்தார் வந்தார்கள், பெண்ணைப் பார்த்தார்கள், இவளையும் பார்த்தார்கள், அதற்குப் பிறகு பேச்சு மூச்சில்லை. இது குடும்பத்தில் உள்ள நோயா என்று தரகரிடம் கேட்டார்களாம். மூன்றாவதாக வந்தது நல்ல இடம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இவள் வெள்ளிக்கிழமையே பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். மைனியின் மகள் எப்போதோ கொடுத்த ஆரஞ்சு சேலையை மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு இதைத்தான் உடுப்பேன் என்று என்னிடம் பத்து தடவை சொன்னாள். நைட்டியைத் தவிர வேறு எதையும் அவளுக்கு நாங்கள் போட்டுவிட்டதில்லை.

ஞாயிறு மத்தியானம் அடுக்களையில் முந்திரிக்கொத்துப் பலகாரத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். மைனி பக்கத்தில் வந்து நின்றார். அவர் கையில் ஒரு தூக்க மாத்திரை. அவள் ரொம்ப முரண்டு பிடித்தால் மட்டும் பாதி கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதியது. இது முழுசாக இருந்தது.

“மக்கா, நீ குடுத்தாத்தான் முழுங்குவா. ஒரு நாலு மணிக்கூர் உறங்கட்டு. எனக்கு ஒரு பிள்ளைதான இருக்கு.”

சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நான் வருவதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு வருஷம் அவளுடைய துணியை அலசியவர் அவர்தான். அந்த இரக்கத்தில்தான் வாயடைத்துப் போனேன் என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிஜம் அதில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே போயிருக்கலாமே! அந்த ஊர் அரண்மனையைப் பார்க்க வருகிற கூட்டத்துக்கு நடுவே ஒரு ஐஸ் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருந்தால் போதும். எத்தனை பேரிடம் சாப்பிட்டியளா என்று கேட்டிருப்பாள். இந்த மரமண்டைக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை.

மத்தியானம் மாத்திரை சாப்பிட்டு அவளுக்குப் பழக்கமில்லை. இது எதற்கு என்று கேட்டாள்.

“இதத் தின்னா சேலை உடுக்கலாம்,” என்றேன்.

உடனே வாயைத் திறந்தாள். விழுங்கினாள். நாக்கை நீட்டிக் காட்டினாள். அரை மணி நேரத்தில் சேலையைக் கட்டிப்பிடித்தபடியே பின்னறைக் கட்டிலில் சாய்ந்துவிட்டாள். மைனி கதவைச் சாத்தினார்.

வந்தார்கள், சிரித்தார்கள், டீ குடித்தார்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். எனக்குக் காதெல்லாம் பின்னறையில்தான். இரண்டு தடவை போய், மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். பாவி, முழு மாத்திரையைக் கொடுத்துவிட்டேனே!

ஏழு மணிக்கு எழுந்தாள். கால் தள்ளாடியது. நைட்டிக்கு மேலேயே சேலையைச் சுற்றிக்கொண்டு முன்னறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஆளுவ வந்தாவளா?”

வரவில்லை என்றேன். மைனி அடுக்களைக்குள் போய்விட்டார். மகள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீக்கப்புகளை நான் இன்னும் எடுத்திருக்கவில்லை. பாதி கடித்த முந்திரிக்கொத்தும் கிடந்தது. அவள் அதையெல்லாம் பார்த்தாள். ராத்திரிச் சோறு வேண்டாம் என்றாள்.

மறுநாள் காலை வழக்கம்போல வலிப்பு மாத்திரையை நீட்டினேன். என் உள்ளங்கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அக்கா, இன்னைக்கும் ஆளுவ வாராவளா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் நம்பவில்லை. நம்பாமலேயே வாயைத் திறந்தாள்.