பனியில் கீறிய பாதை

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் லூக்காஸ் கல் பதித்த எந்த முற்றத்திலும் தண்ணீர் தேங்கியதில்லை. மன்னாரிலிருந்து அகதியாக வந்த மனுஷன் பத்து வருடமாக ஒரே தோட்ட நிறுவனத்தில் வேலை செய்தார். தேவாலயத்துக்குப் பின்னால் லூர்து மாதாவுக்குக் கற்குகைக் கெபியைக் கட்டியவரும் அவர்தான். அதனால் நிறுவனத்துக்குக் கிடைத்த முதியோர் இல்லத்துத் தோட்டத்துக்குத் தானே ஒரு படம் கீறி முதலாளியிடம் நீட்டினார். நடுவில் குளம், நாலு பக்கமும் நூல் பிடித்த நேர்ப்பாதை.

படம் போடும் வேலை பிறேமாவுக்குப் போனது. முப்பது வயதுப் பெண், இங்கேயே தோட்ட வடிவமைப்புப் படித்துவிட்டு அந்த வருடம்தான் சேர்ந்தவள். லூக்காஸுக்கு வயிறு எரிந்தது. அதிலும் அவள் படத்தில் பாதையே இல்லை.

"பாதை எங்க பிள்ளை?"

"பனி கொட்டட்டும் அண்ணை. இங்க இருக்கிற ஆக்கள் எதால நடக்கினமோ, அந்தத் தடத்தை மேல் யன்னலால படமெடுத்து அப்பிடியே கீறுவன். வளைவுகளில சிற்பம் வைப்பம்."

இதுக்கும் ஒரு பட்டப்படிப்பா என்று பொருமினார் லூக்காஸ்.

தொண்ணூற்றாறு தை மாதம் பனி கொட்டியது. மூன்று நாள் விடியற்காலையில், கிழடுகள் எழும்ப முதல், வேலைச் சப்பாத்தோடு அங்கே போனார். ஒரு மரத்தைத் தேவையில்லாமல் சுற்றினார். வேலிவரை போய்த் திரும்பினார். குடிவெறிகாரன்கூட அப்படி நடக்கமாட்டான். கோணல் பாதை போட்டு அவள் மானம் போகட்டும்! பாவமென்று தெரிந்துதான் செய்தார், அதனால் அந்த ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்கவில்லை.

ஆனால் எழும்பி வந்த கிழவர்கள், வழுக்கிவிடும் என்ற பயத்தில், அவர் மிதித்த இடத்திலேயே மிதித்து நடந்தார்கள். மூன்றாம் நாள் அது பாதையாகவே இறுகிவிட்டது.

வசந்தத்தில் அந்தக் கோணலில் கல் பதித்ததும் லூக்காஸ்தான். திறப்பு விழாவன்று வந்தவர்கள் மரத்தைச் சுற்றும் இடத்தில் நின்று நின்று ரசித்தார்கள். பத்திரிகைக்காரர் பிறேமாவைப் படமெடுத்தார். அது என் கால், என் கோணல் என்று கத்தவேண்டும்போல் இருந்தது அவருக்கு. கத்தினால் கள்ளத்தனமும் வெளியே வருமே!

அப்போது பிறேமா எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "இந்தப் பாதையை முதலில் நடந்து கீறியவர் எங்கள் லூக்காஸ்." கைதட்டல் எழுந்தது.

கூட்டம் கலைந்ததும் அவளிடம் போனார். "உனக்கு எப்பிடித் தெரியும்?"

"மூண்டு நாளும் மேல் யன்னலில கமெராவோட நிண்டனான் அண்ணை. ஏன் நடந்தனீங்களெண்டும் விளங்கினது."

"விளங்கியும் ஏன் பிள்ளை அதையே எடுத்தனீ?"

"வடிவா இருந்தது அண்ணை."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கெடுக்க வந்தவனின் காலடியிலும் அழகைக் கண்டு எடுக்க அவளால் முடிந்தது. தன்னால் அது ஒருநாளும் ஏலாது. அதுவரை அவள் வேலையில்தான் அவருக்குப் பொறாமை. அன்றைக்கு அவள் மனதின் மேலேயே பொறாமை வந்தது.