எங்கள் தாமானில் கட்டாத அடுக்குமாடி

கூலாயில் எங்கள் தாமான் என்கிற குடியிருப்பு முழுக்க வரிசைத் தரை வீடுகள்தாம். நடுவில் ஒரு காலி நிலம், லாலான் புல் மண்டிக் கிடக்கும். ஒரு நாள் அங்கே பலகை நட்டார்கள். அடுக்குமாடி கட்ட அனுமதி கேட்கிறார்கள், ஆட்சேபம் இருந்தால் மண்டபத்தில் நடக்கும் கூட்டத்தில் சொல்லலாம் என்று எழுதியிருந்தது. படித்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்து சாமி மேடையில் சூடம் ஏற்றினேன்.

"என்னங்க, இந்த நேரத்துல?" என்றாள் மனைவி. விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு அவளும் வந்து கும்பிட்டாள்.

எங்கள் மகளும் மருமகனும் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஜொகூர் பாருவில் வாடகை அறை. இருட்டோடு எழுந்து பாலம் தாண்டுகிறார்கள். பேத்தியை யாரோ ஓர் அம்மாவின் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். எங்களோடு மகன் குடும்பம் இருப்பதால் இன்னொரு குடும்பத்துக்கு இடமில்லை. தரை வீடு அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. "அங்க ஒரு ஃபிளாட் இருந்தா வந்துடுவோம்பா. வேலைக்குத் தூரமா இருந்தாலும் பரவால்ல, பிள்ளய அம்மாகிட்ட விட்டுட்டுப் போவேன்" என்று மகள் சொல்லிக்கொண்டே இருப்பாள். விளக்கு வைக்கும்போதெல்லாம் இதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முருகன் பலகையாகவே நட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

கூட்டத்துக்கு முன்னால் கோயில் தலைவர் வீட்டுக்கு வந்தார். வருடா வருடம் எங்கள் கோயில் தேர் இந்தத் தெருக்களைச் சுற்றி வரும். இரண்டு பக்கமும் கார்கள் நிற்கும். வீடு வீடாகப் போய், மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரிடமும் கெஞ்சி, காரை எடுக்கச் சொல்வது என் வேலை.

"அண்ணே, ஃபிளாட்டு வந்தா காரு இன்னும் கூடும், தேரு எங்க திரும்பும்? நீங்க எழுந்து சொல்லுங்க. மத்தவன் சொன்னா எடுபடாது" என்றார். சாமி காரியம் என்றால் நான் தட்டமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். தலையை ஆட்டி வைத்தேன்.

கூட்டத்தில் ஒருவர் தண்ணீர் வராது என்றார். இன்னொருவர் சாக்கடை தாங்காது என்றார். பிறகு ஒருவர், "கண்டவனெல்லாம் குடி வருவான்" என்றார். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை.

"தேருக்கு முன்னால போயி கார எடுக்கச் சொல்றவன் நான்தான். ஃபிளாட்டு வந்தா அங்கயும் போயி சொல்றேன். கண்டவங்கன்னீங்களே, அதுல என் மகளும் இருப்பா" என்றேன்.

"மாடி மாடியா ஏற உங்க முட்டி தாங்குமாண்ணே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"லிஃப்ட் வச்சிருப்பான்லா!" என்றது இன்னொன்று. மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். தலைவர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

கை தூக்கச் சொன்னபோது, கட்டட்டும் என்று தூக்கியவர்கள் நானும் மனைவியும் இன்னும் சிலரும்தான். சில மாதங்களில் பலகையைப் பிடுங்கிவிட்டார்கள். அனுமதி கிடைக்கவில்லையாம். இனி அங்கே பெரிய இரட்டை மாடி வீடுகள் வருமாம். அவை எங்கள் பிள்ளைகளுக்கு எட்டாது.

தலைவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் சாமிக்காகத்தான் பேசினார். நானும் அதே சாமியிடம்தான் கேட்டேன். கேட்பதை இன்னும் நிறுத்தவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தபோது சொன்னேன். "விடுங்கப்பா, வேற இடம் பாக்கலாம்" என்றாள். அவள் குரலைக் கேட்டதும் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள். சாலையில் ஜாம் தொடங்குமுன் அவர்கள் கிளம்ப வேண்டும். பேத்தி என் தோளில் தூங்கிப்போயிருந்தாள். அப்படியே கொண்டுபோய் காரில் உட்காரவைத்து, பெல்ட்டை நானே மாட்டினேன். மெதுவாகத்தான் மாட்டினேன். மகள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவசரப்படுத்தாமல் நின்றாள்.