யாரும் இறங்காத பஸ்

கண்டாவளையிலிருந்து வவுனியாவுக்குப் போகும் பஸ் இப்போது ஓமந்தையில் நிற்பதில்லை. போர்க்காலத்தில் அங்கே இராணுவச் சோதனைச்சாவடி இருந்தது. மூட்டைமுடிச்சுடன் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடந்து, அப்பால் போய் ஏறவேண்டும். இன்றும் அந்த இடம் வந்தால் அம்மாவின் கை தானாகவே கைப்பைக்குள் போகும். எனக்கு உடனே பாங்கொக் நினைவுக்கு வரும்.

அங்கே சுற்றுலா போகிறோம் என்றுதான் ஊரில் சொல்லிவிட்டுப் போனோம். ஏழு வயதுக்காரியான நானும் அதை நம்பினேன். யானை பார்க்கலாம் என்றார் அப்பா. ஒரு வருடமாகியும் நான் பார்த்தது ஒரு மாடியறையையும் அதன் மின்விசிறியையும்தான். விசா முடிந்திருந்தது. வேறொரு நாடு எங்களை அகதிகளாக எடுக்கும் என்று காத்திருந்தோம். கடைசிவரை எந்த நாடும் எடுக்கவில்லை என்பது வேறு கதை. பிடிபட்டால் சிறை. அதனால் அப்பா வெளியே போவதில்லை. அம்மாவும் நானும்தான் சந்தைக்குப் போய்வருவோம்.

புறப்படுமுன் அம்மா பொட்டை அழிப்பார். காற்சட்டை போட்டு, தாலிக்கொடியை ரீசேட்டுக்குள் விட்டு, தலையில் ஒரு தொப்பியையும் கவிழ்த்துக்கொள்வார். பாடமெல்லாம் எனக்குத்தான்.

"பஸ்ஸிலை தமிழ் கதைக்கக் கூடாது. பொலிஸைக் கண்டா நிமிந்து பாக்காதை" என்பார் அப்பா. அம்மாவுக்கு அவர் ஒன்றும் சொல்வதில்லை. அவ்வளவு கவனமான மனுசி.

ஒருநாள் சந்தையால் திரும்பும்போது, ஒரு சந்தியில் பொலிஸ்காரர் ஒருவர் நடுவீதியில் நின்று கையை உயர்த்தினார். பஸ் நின்றது. அம்மா சட்டென்று எழுந்தார்.

"இறங்கு பிள்ளை. பையை எடு, கெதியா."

கதவைத் திறந்தபடியே ஓடும் பஸ் அது. இறங்கி, நேரே அவர் முன்னால் போய் நின்று, அம்மா தன் இலங்கை அடையாள அட்டையை நீட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸிலிருந்தவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, மற்றாக்கள் ஒருத்தரும் இறங்கேல்லை" என்றேன், நல்ல சத்தமாக, தமிழில்.

அப்போதுதான் அம்மாவுக்கு எந்த ஊரில் நிற்கிறோம் என்று தெரிந்தது. முகம் வெளிறிப்போயிற்று. ஒரு கை அட்டையை நீட்டியபடியே நின்றது. மற்றக் கை என் மணிக்கட்டை நோக நோகப் பிடித்தது.

பொலிஸ்காரர் அட்டையைப் பார்க்கவேயில்லை. கனத்த பைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீதியைக் கடக்க உதவி கேட்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். விசில் ஊதி, எதிரே வந்த மோட்டார் சைக்கிள்களையும் மறித்து, எங்களை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். எனக்கு ஒரு சல்யூட்டும் அடித்தார். அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அம்மா நடைபாதையிலேயே குந்தினார். தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டு விம்மி விம்மி அழுதார். "அப்பாட்டைச் சொல்லாதை" என்றார்.

எங்கள் பஸ் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டோமே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன். அருகே யாருமில்லையென்று பார்த்துவிட்டு அவருடைய காதுக்குள் சொன்னேன்.

"அழாதைங்கோ அம்மா. அடுத்த பஸ் வரும்."