ஏழாம் நம்பர் சைக்கிள்

இடது கை மட்கார்டை ஆடாமல் பிடித்திருந்தது. வலது கை பிரஷ்ஷை மெல்ல இழுத்தது. கறுப்புத் தகட்டில் வெள்ளையாக 6 எழுந்தது. நம்பர் மங்கிய சைக்கிளை ஏலத்தில் யாரும் மதிக்கமாட்டார்கள். அடுத்து நின்றது எட்டாம் நம்பர். பிரஷ் நின்றுவிட்டது.

சிதம்பரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த அபுல் ஹசனின் கைகள் அவை. கடன் வாங்கிப் பதினான்கு சைக்கிள் சேர்த்தார். 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கல்லூரி மூடிக் கிடந்த மாதங்களில் எடுக்க ஆளில்லை. கடைசியில் கடனைக் கட்ட வழியில்லை என்று கடலூர் கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். மனைவி ரசியா பரங்கிப்பேட்டைக்கு, தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பள்ளிவாசலில் பக்கத்தில் நின்று தொழுதவர்கள், வெளியே வந்ததும் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்கள்.

பேச மிச்சமிருந்தவர் எதிர் டீக்கடை வைத்திலிங்கம் மட்டுமே. தினமும் பத்து மணிக்கு அவரே கிளாஸைக் கொண்டுவருவார். பத்திரமில்லாமல் இருநூறு ரூபாய் கொடுத்திருந்தார். கோர்ட்டுக்குப் போவதற்குப் பத்து நாள் முன்பு, அதற்கு ஈடாக ஏழாம் நம்பரை ஹசன் அவர் வீட்டில் விட்டிருந்தார்.

"ஒருத்தருக்கு மட்டும் குடுத்தது செல்லாது பாய். இருக்கிறது எல்லாருக்கும் பொது. மறைச்சா ஜெயிலு" என்று வக்கீல் பிறகுதான் சொன்னார்.

எட்டை ஏழு என்று எழுதி, அப்படியே பதின்மூன்றில் முடித்தால் யாருக்கும் தெரியாது. பத்து மணி டீயும் நிற்காது. ஆனால் இட்லி விற்றுச் சேர்த்த நூறு ரூபாயை நம்பிக் கொடுத்த இருசம்மாளுக்கும் அந்தச் சைக்கிளில் பங்கு உண்டு.

எட்டை எட்டு என்றே எழுதினார். பதினான்கு வரை எழுதிவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்.

"மச்சான், ஏழாம் நம்பரத் திருப்பிக் குடுத்துடு. ஒன் இருநூறையும் கடன் லிஸ்டுல எழுதிடறேன். பங்கு வரும்."

"எவ்ளோ?"

"ரூவாய்க்கு நாலணா வந்தா ஜாஸ்தி."

வைத்திலிங்கம் பாய்லரைப் பார்த்துச் சிரித்தார். "கோர்ட்டுக்குப் போறவன் இருக்கறத ஒளிப்பான். நீ குடுத்ததப் புடுங்க வந்திருக்கே. அப்படியே இத்தினி நாள் குடிச்ச டீயையும் எழுதிக்க."

"எழுதிட்டேன். பதினோரு ரூவா."

சிரிப்பு நின்றது. "வூட்டு வாசல்ல நிக்குது. எடுத்துட்டுப் போ."

ஹேண்டில்பாரில் வைத்திலிங்கத்தின் மகள் சிவப்பு நாடா கட்டியிருந்தாள். முடிச்சை அவிழ்த்து, மடித்து, வாசற்படியில் வைத்துவிட்டு ஹசன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

மறுநாள் பத்து மணிக்கு யாரும் வரவில்லை. அவர் செயினுக்கு எண்ணெய் விட்டார், பிரேக்கைச் சரிசெய்தார், கடைசியாக ஏழாம் நம்பரை எழுதினார்.

மத்தியான பஸ்ஸில், கோர்ட் நியமித்த ரிசீவரின் குமாஸ்தா வந்து எண்ணினார். பதினான்கு.

"பம்பு, ஸ்பேனர் எதுக்கு எழுதினீங்க? தொழில் சாமான் ஒங்களுதுதான். சட்டம் தொடாது."

ஹசன் தலையசைத்தார். சாவிக்கொத்தை நீட்டினார்.

"ஏழாம் நம்பர்ல மட்டும் கை வச்சுடாதீங்க சார். பெயிண்ட் இன்னும் காயல."