மதிலுக்கு மேலால் வந்த தண்ணீர்

போன வருடம் மேற்கிலிருந்து கடலை நோக்கி வரும் கச்சான் காற்று வீசிய மாதங்களில், கல்முனையில், என் வீட்டு வளவுக்குள் நான் போட்டிருக்கிற பெயின்ட் கொட்டிலில் நடந்தது இது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. சுற்றி வளைக்கவும் தெரியாது. நடந்ததை நடந்த மாதிரியே சொல்கிறேன்.

ஓட்டோ, வான், மோட்டார் சைக்கிள், எது வந்தாலும் பெயின்ட் அடிப்பேன். அந்த முறை வந்தது ரேஸ் ஓடுகிற மோட்டார் சைக்கிளின் ஃபேரிங். வண்டியின் முன்பக்கத்தையும் இரண்டு விலாவையும் மூடுகிற கூட்டைத்தான் அப்படிச் சொல்வார்கள். கம்பனிக் கூடு பிளாஸ்டிக். ஒருமுறை விழுந்தால் உடைந்துவிடும், விலையும் கூட. அதனால் ரேஸ்காரர்கள் ஃபைபரில் செய்வித்துப் போடுகிறார்கள். கொண்டு வந்தவர் பக்கத்து ஊரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். அவரே ஓட்டுபவர். ரேஸுக்கு அதிக நாளில்லை என்றார்.

புது ஃபைபர் வெள்ளையாக, மினுமினுப்பாக இருக்கும். அப்படியே பெயின்ட் அடிக்கலாம் போலத் தோன்றும். அடித்தால் போச்சு. அச்சிலிருந்து கழற்றுவதற்காகப் பூசிய மெழுகு அதில் ஒட்டியிருக்கும். பெயின்ட் நிற்காமல் வட்டம் வட்டமாக விலகிவிடும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, தின்னரால் துடைத்து, பிறகு ஒரு அங்குலம் விடாமல் சேன்ட் பேப்பரால் தேய்த்து மினுக்கத்தை எடுக்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க ஊசிமுனை அளவில் துவாரங்கள் வெளியே வரும். ஒவ்வொன்றையும் புட்டி வைத்து அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெயிலில் நிற்கும்போது பெயின்ட் கொப்பளிக்கும். நிறம் அடிப்பது கடைசி வேலை, லேசான வேலை. அதற்கு முன்னால் இருப்பதுதான் முதுகை முறிக்கும்.

அந்தத் தேய்ப்பில் வருகிற தூசி சும்மா தூசியல்ல, கண்ணாடித் தூசி. தோலில் பட்டால் சொறிந்தே சாகலாம். கச்சான் அதை அள்ளிக்கொண்டு போய்க் கடல் பக்கத்து வளவில் கொட்டியது. அங்கே ஒரு பெண் வாடகைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கணவர் கத்தாரில். அவ ஹபாயா, எங்கள் பெண்கள் வெளியே போகும்போது மேலால் போடுகிற கறுப்பு அங்கி, தைத்து விற்பவ. தைத்ததையெல்லாம் முற்றத்துக் கொடியில்தான் தொங்கவிடுவா. கறுப்புத் துணியில் வெள்ளைத் தூசி எப்படித் தெரியும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒருநாள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டா. எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"காக்கா, ஒங்கட தூசியெல்லாம் எங்கட ஹபாயாவுல கிடக்கு. போட்டுப் பாக்க வந்த பொம்புள சொறிஞ்சிக்கிட்டே போறா."

"காத்த நானா ஊதுறன்? காத்துக்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

"காத்து இப்பிடி வாய் காட்டாது காக்கா" என்றுவிட்டு உள்ளே போனா.

என் மனைவி இரண்டு நாள் எனக்கு ஏசினா. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் கொட்டிலில் குழாய் இல்லை, தண்ணீர் சுமக்க வேண்டும். அதோடு, ஒருவர் சொல்லி நான் செய்வதா என்ற திமிரும்தான்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள், கூட்டின் ஆணித் துளைகளைச் சுற்றி உள்பக்கமாகப் பலப்படுத்திக்கொண்டிருந்தேன். ரேஸ் வண்டியின் அதிர்வுக்கு அந்த இடங்கள்தான் முதலில் வெடிக்கும். ஃபைபர் பாயை வெட்டி வைத்து ரெசின் பூச வேண்டும். ரெசின் இறுகுவதற்குக் கொஞ்சம் ஹாட்னர் கலக்க வேண்டும். தண்ணீர் மாதிரித்தான் இருக்கும் அது. ஆனால் கண்ணில் பட்டால் கண்ணைத் தின்றுவிடும். போத்தலின் மூக்கு அடைத்திருந்தது. வேர்வையில் பாதுகாப்புக் கண்ணாடி மங்குகிறது என்று கழற்றி வைத்திருந்தேன். போத்தலை அமத்தினேன். வரவில்லை. பலமாக அமத்தினேன். அடைப்புத் தெறித்து, நேரே வலது கண்ணுக்குள் அடித்தது.

அந்த எரிவை எழுத எனக்குத் தெரியவில்லை. "யா அல்லாஹ்" என்று கத்தியது நினைவிருக்கிறது. கண்ணைப் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகத் தெருப் பக்கம் ஓடினேன். வாசல் படலையைக்கூடத் தாண்டவில்லை, மதிலுக்கு மேலால் என் தலையில் தண்ணீர் வந்து அடித்தது. அடுத்த நிமிடம் அந்தப் பெண் கையில் ஓஸ் குழாயுடன் என் படலைக்குள் வந்து நின்றா.

"கைய எடுங்க காக்கா."

"ஆஸ்பத்திரிக்குப் போகணும், விடுங்க."

"போகலாம். முதல்ல கண்ணத் தொறங்க."

நான் தள்ளினேன். அவ என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து என்னை நிலத்தில் இருத்தி, தலையைச் சரித்து, மற்றக் கைவிரலால் இமையை விரித்துப் பிடித்து, ஓஸை நேராகக் கண்ணுக்கு மேல் விட்டா. நான் ஏசினேன். ஒரு பெண்ணிடம் சொல்லக்கூடாத வார்த்தைகளும் வந்தன. அவவுக்குக் காது கேட்டதாகவே தெரியவில்லை. தலையைத் திருப்ப விடாமல், "கிறுகாதீங்க, கிறுகாதீங்க" என்பதை மட்டும் மறுபடி மறுபடி சொன்னா. என் மனைவி ஓடிவந்து அழுதுகொண்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா.

பள்ளியில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். தண்ணீர் நிற்கவில்லை. தொழுகை முடிந்து ஆட்கள் எங்கள் தெருவால் வரும்போதும் நிற்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு பெண், சொந்தமில்லாத ஆம்பிளையின் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு, முழுக்க நனைந்து, திறந்த படலைக்குள் நிற்பது என்றால் என்னவென்று ஊர்க்காரருக்குத் தெரியும். தெருவே நின்று பார்த்தது. ஒரு ஹாஜியார், "விடு மகள், ஆம்பிளையள் பாத்துக்குவாங்க" என்றார்.

"ஓட்டோ ஒண்டு பிடிச்சித் தாங்க ஹாஜியார். அது வரைக்கும் நான் ஊத்துறன்" என்றா.

ஓட்டோவுக்குள் ஏற்றிய பிறகும், ஒரு பெரிய போத்தலில் தண்ணீர் நிரப்பி என் மனைவியின் கையில் கொடுத்து, வழி முழுக்க ஊற்றச் சொல்லி அனுப்பினா.

ஆஸ்பத்திரியில் வைத்தியர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, யார் கழுவியது என்றுதான். கழுவாமல் நேரே வந்திருந்தால் இந்தக் கண்ணுக்கு என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். மேல் தோல் எரிந்திருக்கிறது, உள்ளே போகவில்லை, ஆறிவிடும் என்றார். நிறம் கலக்குகிறவன் நான். இரண்டு சிவப்புக்கு இடையில் இருக்கிற வித்தியாசத்தைப் பார்த்துத்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தபோது, கட்டு அவிழ்க்கிற வரைக்கும் எனக்கு நம்பிக்கை இல்லை. அவிழ்த்ததும் சுவரில் இருந்த பச்சை பச்சையாகவே தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

ரேஸ்காரர் வீட்டுக்கு வந்து பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். அவரோ, அண்டர்கோட் அடித்திருந்த சாம்பல் நிறத்திலேயே கூட்டை எடுத்துக்கொண்டு போய், தன் ரேஸ் இலக்கத்தை டேப்பால் ஒட்டி ரேஸ் ஓடினார். நிறம் பிறகுதான் அடித்துக் கொடுத்தேன்.

இதற்கிடையில் என் மனைவி பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தா. எனக்குத் தெரியாத இரண்டு விஷயம் தெரிய வந்தது. அந்தப் பெண்ணின் தம்பி மேசன் வேலை செய்கிறவர். சுண்ணாம்பு கண்ணில் விழுந்தபோது எல்லோரும் பதறி, கழுவாமல் நேரே வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவருக்கு ஒரு கண் இப்போது வெளிச்சம் மட்டும் காட்டுகிறது. மற்றது, அன்று அவ ஓஸை இழுத்துக்கொண்டு மதிலடிக்கு வந்தது எனக்கு உதவுவதற்கல்ல. தூசிக்குப் பொறுக்க முடியாமல், என் கூட்டையும் சேன்ட் பேப்பரையும் மொத்தமாக நனைத்துவிடத்தான் வந்திருக்கிறா. அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள்.

சிரிக்காதவர்களும் ஊரில் இருந்தார்கள். தேத்தண்ணிக் கடையில் ஒருவர், எனக்குக் கேட்கட்டும் என்றே, "கத்தார்காரர்ர பொஞ்சாதிக்குக் கை நல்ல பெலம் போல" என்றார். நான் எழும்பி அவருக்கு முன்னால் போய் நின்றேன். "என்ட கண்ணு எரியக்குள்ள நீயும் தெருவுலதானே நிண்ட? ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தினியா?" என்று கேட்டேன். கையை ஓங்காமல் வந்தது என் மனைவி செய்த புண்ணியம்.

ஆனால் கதை கத்தார் வரைக்கும் போயிருக்குமே என்ற பயம் என்னை விடவில்லை. என் கண்ணுக்காக ஒரு பெண்ணின் பெயர் கெடக்கூடாது. மனைவியிடம் இலக்கத்தை வாங்கி நானே அந்த மனிதருக்குப் போன் எடுத்தேன். உங்கள் மனைவியைப் பற்றி எவனாவது ஏதாவது சொன்னால் அவனை என்னிடம் அனுப்புங்கள் என்று சொல்ல, வார்த்தையெல்லாம் சூடாக அடுக்கி வைத்திருந்தேன். நான் யாரென்று சொன்னதும் அவர் கேட்டார்:

"கண்ணு இப்ப எப்பிடி காக்கா?"

நல்லா இருக்கு தம்பி, என்று மட்டும் சொன்னேன். என் கண் எரிந்த அன்று பின்னேரமே மனைவி தனக்கு எல்லாம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். பிறகு, தூசியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

இப்போது கொட்டிலுக்குக் குழாய் இழுத்திருக்கிறேன், தண்ணீர் தொட்டே தேய்க்கிறேன், கண்ணாடியைக் கழற்றுவதில்லை. அவவிடம் நேரே நன்றி சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு விடியலிலும் சுபஹ் தொழுது கையேந்தும்போது அவவுக்காகக் கேட்கிறேன். அதோடு, நான் முகம்கூடப் பார்த்திராத, மேசன் வேலை செய்கிற அவவின் தம்பிக்காகவும் கேட்கிறேன். அவருடைய ஒரு கண் போன வேதனையில் அவ கற்றதுதான் என் கண்ணில் வெளிச்சமாக இருக்கிறது.