சுவரில் ஏழு கலண்டர்கள்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து அறையில் ஆணி அடித்த இடமெல்லாம் பழைய கலண்டர்கள்தான். சாமி படம் இருப்பதால் எறியக்கூடாது என்பார் என் கணவர். போன ஞாயிறு பொறுமையிழந்து, ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த ஏழு கலண்டர்களையும் கழற்றி அடுப்படி விறகுக்குள் போட்டேன்.

கடைக்குப் போய்விட்டு வந்தவர் வெறுஞ்சுவரைப் பார்த்து அலறினார்.

"முருகன் கலண்டர் எங்க? நாளைக்கு பள்ளிக்கூடத்துல குடுக்க வேண்டிய புள்ள சர்டிபிகட்ட அதுக்குப் பின்னாலதானே சொருகி வச்சேன்!"

"முருகன் என்ன, அலுமாரியாங்க?"

நல்லவேளை, ஈரக் கலண்டர்களை அன்று அடுப்பில் வைக்கவில்லை. சான்றிதழ் பத்திரமாக இருந்தது.

இப்போது முக்கியமான தாள்களெல்லாம் ஒரே பிஸ்கட் டின்னில். சுவரில் இந்த வருடக் கலண்டர் மட்டும். அதன் பின்னாலும் தினம் கையை விட்டுப் பார்க்கிறேன். நேற்று அவருடைய அடையாள அட்டை கிடைத்தது.